சனிக்கிழமைச் சம்பளத்தில் புது போன்

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குகள் மீதான அமெரிக்காவின் 50 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடம் ஒரு ஷிப்டுக்கு இறங்கியது. அடுத்த மூன்று வாரத்தில், செப்டம்பர் 19 அன்று, ஐபோன் 17 கடைகளுக்கு வந்தது. ஆரம்ப விலை 82,900 ரூபாய். செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கும் ஏசிக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. செல்போனுக்கு ஏற்கெனவே இருந்த 18 அப்படியே நின்றது. அக்டோபர் 20 தீபாவளி. போனஸ் கைக்கு வரும் நேரம் அதுதான், புது போன் ஆசை வீட்டுக்குள் நுழையும் நேரமும் அதுதான்.

இதில் என்னை இன்றும் வருத்துகிற ஒன்று உண்டு. அந்த ஐபோன் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் நம் பிள்ளைகள் கையால் பூட்டப்படுகிறது. ஸ்மார்ட்போனுக்கு அமெரிக்கா 2025 ஏப்ரலிலேயே விலக்கு கொடுத்துவிட்டது. ஒரே மாநிலத்திலிருந்து ஏற்றுமதியாகும் டி-ஷர்ட்டுக்கு வரி விழுந்தது, போனுக்கு விலக்கு கிடைத்தது. வரி விழுந்த தொழிலில் சம்பாதிக்கிறவர்தான் சம்பளத்தை எடுத்துக்கொண்டு போன் கடைக்குப் போகிறார்.

பனியன் கம்பெனிக்குப் போகிற பெரும்பாலானோர் 82,900 ரூபாய் போனை நினைத்தும் பார்ப்பதில்லை. அவர்கள் வாங்குவது பத்திலிருந்து இருபதாயிரத்துக்குள் ஆண்ட்ராய்டு. ஆனால், பெரிய கம்பெனி புது மாடல் விட்டதும் எழும் பரபரப்பு சின்ன விலை போன் வரைக்கும் இறங்கி வருகிறது. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய போன் திடீரென்று பழசாகத் தெரிகிறது. கடை வாசலிலேயே பைனான்ஸ் மேஜை. ஆதார் கார்டும் பேங்க் கணக்கும் இருந்தால் அரை மணி நேரத்தில் பெட்டி கைக்கு வந்துவிடும்.

என் கவலை முழுவதும் அந்த மேஜையைப் பற்றித்தான். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. ஷிப்ட் கணக்கு, இல்லாவிட்டால் பீஸ் ரேட். சரக்கு அவசரமென்றால் ஒன்றரை ஷிப்ட், ஞாயிறும் வேலை. டையிங்கிலிருந்து துணி வரவில்லை, பிரிண்டிங்கில் நிற்கிறது, பையர் அப்ரூவல் தரவில்லை என்றால் அந்த வாரம் மூன்று நாள் வேலைதான். தவணைக்கு இதெல்லாம் தெரியாது. மாதம் பிறந்து அந்தத் தேதி வந்தால் கணக்கிலிருந்து எடுக்கும். பணமில்லை என்றால் பேங்க் ஒரு பவுன்ஸ் சார்ஜ் பிடிக்கும், கடன் கொடுத்தவர் ஒன்று பிடிப்பார், சிபில் ஸ்கோரிலும் அது பதியும். பிறகு மகள் கல்லூரிக்கோ வீட்டுக்கோ கடன் கேட்கப் போகும்போது இந்த போன் குறுக்கே நிற்கும்.

24,000 ரூபாய் போனை 12 மாதத் தவணையில் எடுத்தால் மாதம் 2,000. அதாவது ஒவ்வொரு சனிக்கிழமையும் 500 ரூபாய் ஒதுங்க வேண்டும். நல்ல வாரத்தில் அது பெரிதாகத் தெரியாது. மிகக் குறைவாகச் சம்பளம் வந்த வாரத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, அதில் வாடகை, மளிகை, ஊருக்கு அனுப்பும் பணம் போக 500 மிஞ்சுமா என்று பாருங்கள். கணவனும் மனைவியும் ஒரே கம்பெனியில் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆர்டர் குறைந்தால் இரண்டு சம்பளமும் சேர்ந்தே குறையும்.

‘வட்டியே இல்லை’ என்பார்கள். வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடியை விட்டுக்கொடுத்திருப்பீர்கள், அல்லது பிராசஸிங் கட்டணம் என்று தனியாகக் கட்டியிருப்பீர்கள். நான் சொல்வது எளிது: தவணை எடுக்குமுன் அதே 500 ரூபாயை நான்கைந்து மாதம் தனியாகப் போட்டுப் பாருங்கள். மோசமான வாரங்களிலும் அது தொடர்ந்து விழுந்தால் தாராளமாக வாங்கலாம். அதற்குள் விலையில் மூன்றில் ஒரு பங்காவது சேர்ந்திருக்கும்.

சரி, பழைய போனுக்கு உண்மையில் என்னதான் ஆகிவிட்டது? ‘சார்ஜே ஏற மாட்டேங்குதுங்ணா’ என்று சர்வீஸ் கடைக்கு வரும் போனை எடுத்து, சார்ஜர் சொருகும் ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். உள்ளே பஞ்சு. நிட்டிங்கிலும் கட்டிங்கிலும் பறக்கிற பஞ்சு பேன்ட் பாக்கெட்டில் சேர்ந்து, ஒவ்வொரு முறை சார்ஜர் சொருகும்போதும் உள்ளே தள்ளப்பட்டு, அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும். போனை அணைத்துவிட்டு மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் நெருடினால் சுருள் சுருளாக வெளியே வரும், ஓவர்லாக் மிஷினுக்கு அடியில் கிடப்பது போலவே. அதன் பிறகு சார்ஜர் கெட்டியாகப் பிடிக்கும். ஸ்பீக்கர் சத்தம் குறைவதற்கும் பல நேரம் இதே பஞ்சுதான் காரணம்.

அடுத்தது பேட்டரி. லித்தியம் பேட்டரி தேயத்தான் செய்யும். ஐபோன் 14 வரை வந்த மாடல்களில் 500 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும் என்பது ஆப்பிள் சொல்லும் கணக்கு. ஐபோன் 15 முதல் அது 1,000 முறை. தேய்ந்த பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததை அந்த நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது, கூடவே பேட்டரி மாற்றும் கட்டணத்தையும் குறைத்தது. பேட்டரி மாற்றினால் தீர்கிற மந்தத்துக்குப் புது போன் வாங்கியவர்கள் உலகம் முழுக்க எத்தனையோ பேர். உங்கள் போன் மாலை நான்கு மணிக்கே அணைகிறது என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

போனை மாற்றியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ திறந்து, செக்யூரிட்டி பேட்ச் தேதியைப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பழையதாகி, புது அப்டேட் எதுவும் வராவிட்டால், அந்தப் போனில் சம்பளப் பணத்தை வைத்துப் புழங்குவது ஆபத்து. ஒடிசாவுக்கும் பீகாருக்கும் வாராவாரம் யுபிஐ-யில் பணம் அனுப்புகிற தம்பிகளுக்கு இது முக்கியம். வாட்ஸ்அப்பும் காத்திருக்காது. 2025 மே முதல் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே இருந்த ஐபோன்களில் அது நின்றுபோனது.

ஆகவே வாங்கும்போது கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று கேளுங்கள். 2019-இல் வந்த ஐபோன் 11-க்கு 2025-இன் ஐஓஎஸ் 26 கிடைத்தது. கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 ஆண்டு உறுதி உண்டு. இருபதாயிரத்துக்குள் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி-க்கு 6 ஆண்டு. அதே விலையில் இரண்டு வருஷத்தில் கைவிடப்படும் போன்களும் அதே அலமாரியில் இருக்கின்றன.

மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கும் இளைஞர்கள், ‘பையருக்கு ஷேடு போட்டோ அனுப்ப நல்ல கேமரா வேண்டும்’ என்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. எவ்வளவு விலை போனாக இருந்தாலும் வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்த நேவி ப்ளூ வாசலில் எடுத்தால் வேறாக வரும். அதனால்தான் லேப் டிப் என்கிற சாய மாதிரித் துணியைக் கூரியரில் அனுப்புகிறோம், லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறோம். தையல் குறை, அளவு குறை காட்டுவதற்கு நான்கு வருஷப் பழைய கேமராவே போதும்.

புதுசுதான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்களும் ஒரு வருஷம் பின்தங்கி வாங்கலாம். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் எடுத்துப் பழகிய ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: துணி அதே துணி, சீசன் மட்டும் கடந்திருக்கும். ஐபோன் 17 வந்ததும் 79,900 ரூபாய்க்கு அறிமுகமான ஐபோன் 16-இன் விலை 69,900 ஆனது. செகண்ட் ஹேண்ட் வாங்கினால் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள். திருட்டுப் போன் என்றால் முடக்கப்படும். பணமும் போகும், போலீஸ் விசாரணையும் வரும்.

2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஒவ்வொரு புது மாடல் போனோடும் ஒரு லேபிள் வருகிறது. பேட்டரி எத்தனை சார்ஜ் தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதெல்லாம் அதில் இருக்கும். விற்பனை நின்ற பிறகும் 5 ஆண்டு அப்டேட்டும் 7 ஆண்டு உதிரிபாகமும் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். இந்தியாவில் பழுதுபார்ப்புக் குறியீடு பற்றிய குழு 2025 மே மாதம் மத்திய அரசிடம் அறிக்கை கொடுத்திருக்கிறது. ஐரோப்பிய பையர் கேட்கிற ஓகோடெக்ஸ், காட்ஸ் சான்றிதழ்களையெல்லாம் வாங்கி, ஒவ்வொரு பனியனிலும் கேர் லேபிள் வைத்துத் தைத்து அனுப்புகிற ஊர் இது. தான் வாங்கும் போன் எந்தத் தேதி வரை உழைக்கும் என்று பெட்டியின் மேல் அச்சிட்டுத் தரச் சொல்லும் உரிமை அதற்கு முழுக்க உண்டு. மத்திய அரசு அந்த விதியை உடனே கொண்டுவர வேண்டும். அதுவரை, பணம் கட்டுமுன் கடைக்காரரிடம் அந்தத் தேதியைக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் போனை வாங்காதீர்கள்.