விமான நிலைய அயலில் மரத்தாலான பெருங்கட்டடம்: பொருளும் சூழலும்

மரத்தைப் பிரதான கட்டுமானப் பொருளாகக் கொண்ட பெருங்கட்டடங்கள் அண்மைக் காலத்தில் வட ஐரோப்பாவில் எழுந்துள்ளன. நோர்வேயின் புருமுண்டாலில் 2019இல் நிறைவுற்ற மியோஸ்டோர்னெட் 18 மாடிகளையும் 85.4 மீற்றர் உயரத்தையும் உடையது. குடியிருப்பு, விடுதி, அலுவலகம் மூன்றும் அதனுள் அடங்கும். சுவீடனின் ஷெலெப்தியோவில் 2021இல் திறக்கப்பட்ட சாரா பண்பாட்டு இல்லம் அரங்கு, நூலகம், விடுதி ஆகியவற்றைக் கொண்டது. இத்தகைய பல்பயன் கட்டடமொன்று விமான நிலையத்தின் அயலில் அமையுமாயின் எழும் பிரச்சினைகளை இக்கட்டுரையில் நோக்குவோம்.

முதற்கண் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். பலகைகளை நீளவாட்டில் அடுக்கி ஒட்டித் தூண்களும் வளைகளும் ஆக்கப்படுகின்றன. குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிச் சுவர்களும் தளங்களும் ஆக்கப்படுகின்றன. ஒரு கனமீற்றர் கொங்கிரீற்றின் நிறை ஏறத்தாழ 2400 கிலோகிராம். அதே அளவு ஊசியிலை மரத்தின் நிறை ஏறத்தாழ 450 கிலோகிராம். உலர்ந்த மரத்தின் நிறையிற் பாதியளவு காபனாகும். மரம் வளரும்போது வளியிலிருந்து பெற்ற அக்காபன், கட்டடம் நிலைக்கும் காலம்வரை அதனுள்ளேயே தங்குகின்றது. நன்மை, தீமை இரண்டிற்கும் மூலமாக அமைவது மரத்தின் இலேசுத்தன்மையே எனலாம்.

உயரத்தை எடுத்துக்கொள்வோம். நீண்டகாலமாக நடைமுறையிலுள்ள சர்வதேச விதிகளின்படி, பெரிய ஓடுபாதையைச் சூழ ஏறத்தாழ 4 கிலோமீற்றர் தூரம்வரை, நிலைய மட்டத்திலிருந்து 45 மீற்றருக்கு மேற்படும் கட்டடங்கள் தடைகளாகவே கணிக்கப்படும். ஓடுபாதையை நெருங்குந்தோறும் எல்லை மேலும் தாழும். எனவே மியோஸ்டோர்னெட் போன்றதொரு கோபுரம் அங்கு பொதுவாக இடம்பெற முடியாது. ஆயின் இக்கட்டுப்பாடு மரத்திற்குப் பாதகமானதன்று. காற்றில் மேல்மாடிகள் அசைவதை மட்டுப்படுத்தும் பொருட்டு, மியோஸ்டோர்னெட்டின் மேலுள்ள ஏழு தளங்கள் கொங்கிரீற்றால் அமைக்கப்பட்டன. பத்து மாடிகளுக்குள் அடங்கி அகன்று பரந்த கட்டடத்திற்கு அத்தகைய செயற்கைப் பாரம் பெரும்பாலும் வேண்டியதில்லை.

ஒலியின் நிலை இதற்கு மாறானது. சுவரின் நிறை இரட்டிக்கும்போது அதன் ஒலித்தடை ஏறத்தாழ 6 டெசிபெல் உயரும் என்பது பொதுவிதி. இலேசான மரச்சுவர், விமானத்தின் ஆழ்ந்த முழக்கத்தைத் தனித்துத் தடுக்கவல்லதன்று. இடைவெளியுள்ள இரட்டைச் சுவர், அவ்விடைவெளியில் நார்ப்பஞ்சு, பல படைச் சாந்துப்பலகை, தடித்த கண்ணாடி யன்னல் ஆகியன தேவைப்படுகின்றன. யன்னலைத் திறந்தால் இவையனைத்தும் பயனற்றுப்போம். ஆதலின் இயந்திரக் காற்றோட்டமும் இன்றியமையாததாகும். ஓடுபாதைப் பக்கம் அலுவலகங்களையும் மறுபக்கம் வீடுகளையும் அமைத்தல் தரையில் எழும் ஓசைக்குத் தடையாகலாம்; தலைக்குமேல் எழும் ஓசைக்கு அது தடையாகாது.

தீயைப் பற்றிய அச்சம் இயல்பானது. ஆயின் தடித்த மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர் என்ற வீதத்திலேயே கரியாகின்றது. மேற்படையும் கரி உட்பகுதியைக் காக்கின்றது. எனவே ஒரு மணிநேரத் தீயில் இழக்கக்கூடிய ஏறத்தாழ 40 மில்லிமீற்றரைக் கணித்து, தூணைத் தடிப்பாக்குதல் ஒரு வழியாகும். தன்னியக்க நீர்த்தெளிப்பும் இதனோடு சேரவேண்டும்.

இனி, சமூக வினாவுக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பியப் பிராந்தியத்துக்கு விதந்துரைத்தபடி, இரவில் விமான ஓசை வெளியிடத்தில் சராசரியாக 40 டெசிபெல்லுக்குக் குறைவாக இருத்தல் நன்று. ஓடுபாதையை ஒட்டிய நிலத்தில் இதனை எய்துவது அரிது. விடுதியில் ஓரிரவு தங்கும் பயணி மறுநாள் நீங்கிவிடுவார். அங்கேயே குடியிருக்கும் தொழிலாளியோ ஆண்டுமுழுவதும் அவ்வோசையிலேயே உறங்கவேண்டியவராகின்றார். எனவே இவ்விடத்தில் அலுவலகம், கடை, பயிற்சிக்கூடம் ஆகியவற்றுக்கு இடமளித்து, நிரந்தரக் குடியிருப்பை விலக்குதலே நேர்மையான வடிவமைப்பு என்பது எமது கருத்து.

மரம் வந்த காட்டையும் நாம் மறத்தலாகாது. வட சுவீடனில் பெருமளவிலான காட்டுவெட்டு, கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் மேய்ச்சல் நிலங்களைப் பாதித்துவருவது அறிந்ததே. வெட்டிய இடத்தில் காடு மீண்டும் பல்லுயிர்க் காடாக வளர்ந்தாலன்றிக் காபன் கணக்கு நிறைவுறாது. கட்டடத்தில் தேங்கிய காபனைக் காட்டி, அயலில் பெருகும் விமானப் போக்குவரத்தின் காபனை மறைத்தலும் ஆகாது.

ஆதலின் ஒரு கட்டடம் மரத்தாலானது என்பதனால் மட்டும் அது நிலைபேறானதாகிவிடாது. மரம் யாருடைய காட்டிலிருந்து வந்தது, கட்டடத்தினுள் யார் உறங்குகின்றனர் என்னும் வினாக்களும் திட்ட வரைபடத்தோடு ஒருங்கே வைத்து ஆராயப்படல் வேண்டும்.