நூல் தெரிகிறது, முகம் தெரியவில்லையா?

பொங்கலூர் வட்டாரத்தில் பனியன் துணிகளுக்குப் பிசிறு வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய தாய்மார் பலர். அத்தகைய தாய் ஒருவருக்கு முதுமையில் பார்வை மங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே நிற்கும் மகனின் முகம் தெரியவில்லை. தரையோரம் கிடக்கும் நூலையோ குனிந்து எடுத்துவிடுகிறார். “அம்மா நடிக்கிறார்” என்று வீட்டார் முணுமுணுக்கின்றனர். அன்பர்களே, அது நடிப்பன்று.

விழித்திரையின் நடுவே மாக்குலா என்னும் சிறு பகுதி உண்டு. முகத்தை அறிவதற்கும் எழுத்தைப் படிப்பதற்கும் அதுவே முதன்மையானது. முதுமையில் அது நலிவுற்றால் நடுப்பார்வை மறையும். ஓரப்பார்வை பெரும்பாலும் எஞ்சி நிற்கும். அப்போது மூளை விழித்திரையில் பழுதுபடாத வேறோர் இடத்தைத் தேர்ந்து, அதன் வழியே பார்க்கப் பழகுகிறது. அன்னை தலையைச் சாய்த்துப் பார்ப்பது இதனாலேயே. “நேராகப் பார்” என்று அதட்டுவது, அவர் கண்டறிந்த வழியை அடைப்பதாகும்.

மூளையின் இவ்வாற்றல் வியப்புக்குரியது. இளமையிலேயே பார்வை இழந்தோர் பிரெயில் எழுத்தை விரலால் தடவிப் படிக்கையில், பார்வைக்குரிய மூளைப்பகுதி தொழிற்படுவதை அறிஞர்கள் 1996-இல் வெளியிட்டனர். முதியோரின் மூளை அத்துணை விரைவாக மாறுவதில்லை. எனினும் பயிற்சியால் அதுவும் கற்கும்.

அப்பயிற்சியே குறைபார்வை மறுவாழ்வு. முதலில் கண் மருத்துவரை நாடுக; கண்புரை போலச் சிகிச்சையால் தீர்வனவும் உண்டு. தீராதவற்றுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியும், ஓரப்பார்வையால் படிக்கும் பயிற்சியும் உதவும். வீட்டிலும் செய்யத்தக்கவை உண்டு: படிக்கும் பக்கத்தின்மேல் விளக்கொளி விழட்டும், படி விளிம்பில் வெள்ளைக் கோடு இடுக, பாலைக் கருநிறக் குவளையில் தருக, அறைக்குள் நுழையும்போதே பெயர் சொல்லிப் பேசுக. பயன்படுத்துவதால் பார்வை தேயும் என்பது வீண் அச்சம்.

நம் பகுதியினர்க்குக் கோவையில் அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளது. 1976-இல் மதுரையில் அந்நிறுவனத்தைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பின்னரும் கத்தி பிடிக்கப் பழகி, பல்லாயிரவர்க்குக் கண் அறுவை செய்தவர். இழந்ததை எண்ணி அமராமல், எஞ்சியதைப் பழக்கிக்கொண்டார்.

நம் இல்லத்து முதியோரும் அவ்வாறே பழகிக்கொண்டிருக்கின்றனர். நடிக்கிறார் என்னும் சொல்லை விடுத்து, அவர் கையருகே ஒரு நல்ல விளக்கை வைப்போம்.