சும்மாடும் செயின்சாவும்

மழைக்காலத்துக்கு முன்னால் மின்வாரிய ஆட்கள் வந்து, கம்பியில் உரசும் கிளைகளைக் கழித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். சென்னையின் மேற்குப் புறநகரான குமணன்சாவடியின் உள்தெருக்களில் அந்தக் கிளைகள் மூன்று நாள் கிடக்கின்றன, சில சமயம் ஒரு வாரம்கூட. இலை சுருண்டு, ஆட்டோ ஏறி நசுங்கி, கடைசியில் நகராட்சி வண்டியில் குப்பையோடு குப்பையாகப் போய்ச் சேர்கின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் கழித்த கிளை பொழுது சாயும்வரைகூடக் கிடந்திருக்காது. மேலே ஆள் வெட்டிக்கொண்டிருக்கும்போதே கீழே நாலைந்து பேர் காத்திருப்பார்கள். பெருங்கிளை மரக்காரருக்கு, நடுக்கிளை முதலில் வந்தவருக்கு, சுள்ளி பிள்ளைகளுக்கு என்று சொல்லாமலே பங்கு பிரியும். இலையை ஆடு தின்றுவிடும். தெருவில் மிஞ்சுவது வெட்டுச் சிராய்கள் மட்டுமே, அதையும் முறத்தில் வாரிக்கொள்ளும் கிழவி ஒருத்தி எப்படியும் இருப்பாள்.

அன்றைய குமணன்சாவடி, பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மாங்காட்டுக்கும் குன்றத்தூருக்கும் வழி பிரிகிற ஒரு முனை. அவ்வளவுதான். சாலையை விட்டு இறங்கினால் வயல், தோப்பு, ஏரிக்கரை, வேலி. இன்று அதே சாலையின் தலைக்கு மேல் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரும் 26 கிலோமீட்டர் மெட்ரோ பாதை போகிறது. காட்டுப்பாக்கத்துக்கும் கரையான்சாவடிக்கும் நடுவில் குமணன்சாவடிக்கென்றே ஒரு நிலையம். வேலி இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர், தோப்பு இருந்த இடத்தில் அடுக்ககம். விறகு பொறுக்க வேண்டும் என்று இன்று ஒருவர் நினைத்தாலும் எங்கே போவார் என்பது தனிக் கேள்வி.

அந்த நாளில் விறகு பொறுக்குவது பெண்களுடைய வேலை, பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுடைய வேலை. ஓர் அரிவாள், ஒரு துறட்டுக்கோல், கயிறு, தலைக்கு வைக்கப் பழந்துணிச் சும்மாடு. காலையில் கூழ் குடித்துவிட்டுப் போனால் வெயில் ஏறுவதற்குள் திரும்ப வேண்டும். ஒரு தலைச்சுமை 20 கிலோவுக்குக் குறையாது. அதைத் தனியாகத் தூக்கித் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது என்பதால்தான் இரண்டு மூன்று பேராகப் போவார்கள். கடைசியாக ஏற்றுபவள் வழியில் வருகிற யாரையாவது “யக்கா, ஒரு கை குடு” என்று கூப்பிட வேண்டும்.

பொறுக்குவதில் தேர்ச்சி இருந்தது. புளியங்கட்டை தணல் நிற்கும், சோற்றை இறக்கிவிட்டுப் பாலை வைக்கலாம். கருவேலம் சூடு அதிகம், பானையின் அடி பிடிக்கும். சவுக்கு ஈரமாயிருந்தாலும் ஓரளவு எரியும். முருங்கை புகைவதோடு சரி. அரசையும் ஆலையும் வீட்டு அடுப்பில் வைக்க மாட்டார்கள். தென்னம்பாளையும் பன்னாடையும் பற்றவைக்க. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் பரணில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை வைத்து அந்த வீட்டு மருமகளின் சாமர்த்தியத்தை ஊர் எடைபோட்டது. இது நியாயமா என்று யாரும் கேட்டதில்லை.

காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு விறகுத்தொட்டி. பெரிய தராசு, பிளந்த சவுக்கு ஒரு பக்கம், வேர்க்கட்டை ஒரு பக்கம். 8 வீசை 1 மணங்கு, இன்றைய கணக்கில் 11 கிலோவுக்குச் சற்று மேல். சென்னை நகரம் எரித்த விறகில் கணிசமான பகுதி தண்ணீர் வழியாக வந்தது. பக்கிங்காம் கால்வாயில் வடக்கிலிருந்து வந்த படகுகள் உப்போடும் சுண்ணாம்போடும் சவுக்கையும் காட்டு விறகையும் ஏற்றி வந்து பேசின் பாலம் பக்கம் இறக்கின. ஸ்ரீஹரிகோட்டாவின் காடும் அப்படிச் சென்னைக்கு விறகு தந்த காடுதான். அங்கே மரம் வெட்டியவர்கள் யானாதிப் பழங்குடியினர். 1969-இல் ராக்கெட் தளத்துக்காக அந்தத் தீவு எடுக்கப்பட்டது. சென்னைக்கு அடுப்பெரிய விறகு அனுப்பிய தீவு இன்று சந்திரயானை அனுப்புகிறது. இதைவிடப் பெரிய அன்றும் இன்றும் எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் இல்லை.

மேற்குப் புறநகருக்குக் கால்வாய் கிடையாது. அதற்குக் கைகொடுத்தது வேலிகாத்தான். தெற்கே சீமைக்கருவேலம் என்று திட்டு வாங்கும் அதே மரத்துக்கு இங்கே இந்தப் பெயர். வெப்ப அமெரிக்காவிலிருந்து 1870-களில் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதிக்கு, விறகுக்காகவே வரவழைக்கப்பட்ட மரம். வறட்சியைத் தாங்கியது, ஆடுமாடு கடிக்கவில்லை, வெட்ட வெட்டத் துளிர்த்தது. ஏரி உள்வாயிலும் புறம்போக்கிலும் அது பரவியபோது ஏழை வீட்டு அடுப்புக்குத் தட்டுப்பாடு தீர்ந்தது, குத்திய முள் கணக்கில் வராது. பின்னாளில் அது நீர்நிலைகளின் எதிரியாகி, உயர் நீதிமன்றம் வரை போய், 2022-இல் அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. இப்போது அதை அரிவாள் தொடுவதில்லை. மேலே வெட்டினால் நாலு கிளையாகக் கிளைக்கும் என்பதால் பொக்லைன் வந்து வேரோடு பிடுங்குகிறது.

விறகை அடுப்படியை விட்டு விரட்டியது எரிவாயு. இண்டேன் சிலிண்டர் முதன்முதலாக 1965-இல் கல்கத்தாவில் ஒரு வீட்டுக்குப் போனது. அதன்பின் பல ஆண்டுகளுக்கு இணைப்பு கிடைப்பதே ஒரு சாதனை. நடுவில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் காலம் ஒன்று வந்து போனது. தமிழக அரசு 2007-இல் ஏழை வீடுகளுக்கு அடுப்போடு இணைப்பை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது, மத்திய அரசின் உஜ்வலா 2016-இல் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட இந்தியாவில் 49 விழுக்காடு வீடுகள் விறகில்தான் சமைத்தன, எரிவாயுவில் 28.5 விழுக்காடு.

14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எத்தனை விறகுக்குச் சமம்? எரிவாயு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 46 மெகாஜூல் வெப்பம் தரும், உலர்ந்த விறகு 16. கேஸ் அடுப்பில் பாதிக்கு மேல் பாத்திரத்துக்குப் போகிறது, மூன்று கல் அடுப்பில் பத்தில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோதான் போகிறது. பெருக்கி வகுத்தால் ஒரு சிலிண்டர் 150 முதல் 200 கிலோ விறகின் வேலையைச் செய்கிறது. அதாவது எட்டிலிருந்து பத்துத் தலைச்சுமை. 2025-இல் சென்னையில் அதன் விலை 868 ரூபாய் 50 காசு. விலை கூடுதல்தான் என்று முனகுகிறவர்கள் அந்தப் பத்து நடையையும், ஊதுகுழலை ஊதி ஊதிப் புண்ணான நெஞ்சையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

விறகின் தேவை போன பிறகுதான் விறகறுக்கும் மெஷின் நம் தெருவுக்கு வந்தது. அதுவரை கோடாலியும் ஆப்பும்தான், பெரிய அடிமரத்துக்கு இரண்டு பேர் இழுக்கும் வாள். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926-இல் செய்த மின்சார ரம்பத்தையும் இரண்டு பேர்தான் தூக்க வேண்டியிருந்தது. 1950-இல் அவருடைய நிறுவனம் ஒருவர் பிடிக்கும் பெட்ரோல் ரம்பத்தைக் கொண்டுவந்தபோதும் அதன் எடை 16 கிலோ. பல்லமைப்பு அமெரிக்காவின் ஓரிகானில் மாறியது. ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, கட்டையைக் குடையும் வண்டின் புழு இடமும் வலமுமாக மாறிமாறிக் கடிப்பதை 1946-இல் கவனித்து, சங்கிலியின் பற்களையும் அதே போல மாறிமாறி அமைத்தார். இன்று கடையில் தொங்கும் எந்தச் செயின்சாவிலும் இருப்பது அந்தப் புழுவின் வழிதான்.

இங்கே பலரும் அந்த மெஷினை முதன்முதலாக அருகில் பார்த்தது வர்தா புயலில். 2016 டிசம்பர் 12. ஒரே பிற்பகலில் சென்னையிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. விழுந்தவற்றில் தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் ஏராளம். அடுத்த நாட்களில் கரண்ட் இல்லாத தெருக்களில் கேட்ட ஒரே சத்தம் செயின்சாவினுடையது. கோடாலிக்கு அரைநாள் பிடிக்கும் அடிமரம் டீ ஆறுவதற்குள் துண்டாகிக் கிடந்தது. அத்தனை மரம் சாய்ந்தும், விறகுக்கென்று எடுத்துப்போக ஆள் அதிகம் வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த மெஷின் வீட்டுச் சாமானாகவே மாறிவிட்டது. சீனத் தயாரிப்பில் 58 சிசி எஞ்சின், 22 அங்குல பார் கொண்டது ஏழெட்டாயிரம் ரூபாய்க்கு வாசலில் வந்து இறங்குகிறது. எங்கள் பக்கத்தில், ஆவடி டாங்க் ஃபாக்டரியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் அப்படி ஒன்று இருக்கிறது. திருமழிசைக்கு அந்தப் பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறார், வீடு இன்னும் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய், காற்றில் விழுந்ததையும் அக்கம்பக்கத்தார் கொடுத்ததையும் அறுக்கிறார். பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் என்பது ஐரோப்பிய மெஷினின் கணக்கு, இதற்கு 40 ஊற்றச் சொல்லியிருக்கிறான் என்று அவர் விளக்குவதைக் கேட்டால், பழைய பஜாஜ் ஸ்கூட்டர் காலத்துக்கே போய்விடுவோம். உருட்டு அரத்தால் ஒவ்வொரு பல்லையும் ஒரே சாய்வில் தீட்டுகிறார். பல் கூராக இருந்தால் மரம் சீவலாக விழும், மழுங்கியிருந்தால் மாவாகக் கொட்டும். அவருக்கு மரத்தைவிட அரம்தான் சந்தோஷம் என்று எனக்குத் தோன்றும்.

அறுத்ததை என்ன செய்கிறார்? மொட்டை மாடியில் செப்பு பாய்லர், பொங்கலன்று மூன்று கல் அடுப்பு, ஆடியில் அம்மன் கோயில் கூழுக்கு ஒரு வண்டி. மிச்சம் ஷெட்டுக்குள் அளவு பார்த்து, பட்டை மேலே தெரிய அடுக்கி வைத்திருக்கிறார். காட்டுவதில் ஒரு பெருமை.

இந்தப் பெருமை உலகில் புதிதல்ல. நார்வேயில் லார்ஸ் மிட்டிங் விறகு வெட்டுவதையும் அடுக்குவதையும் பற்றி 2011-இல் எழுதிய புத்தகம் அமோகமாக விற்றது. 2013 பிப்ரவரியில் அந்த நாட்டு அரசுத் தொலைக்காட்சி விறகுக்கென்றே 12 மணி நேர நிகழ்ச்சி நடத்தியது, அதில் 8 மணி நேரம் எரியும் கணப்பை மட்டும் காட்டினார்கள். ஆனால் அங்கே குளிர் இருக்கிறது, இன்றும் வீடுகளில் விறகு எரிகிறது. நமக்கு அந்தச் சாக்கு இல்லை. இங்கே விறகு பொழுதுபோக்காவதற்கு ஒரு தலைமுறை இடைவெளி வேண்டியிருந்தது, ஆள் மாறவும் வேண்டியிருந்தது. அன்று பொறுக்கியவர்கள் பெண்கள், இன்று அறுப்பவர்கள் ஆண்கள். அன்று விறகால் அடுப்பெரிந்தது, இன்று விறகுக்காக ஒரு அடுப்பைத் தேட வேண்டியிருக்கிறது.

செயின்சா வைத்திருக்கும் அந்த நண்பரின் அக்காவுக்கு எண்பது வயது, சின்ன வயதில் ஏரிக்கரையில் சுள்ளி பொறுக்கியவர். தம்பியின் அடுக்கைப் பார்த்துவிட்டு, “இன்னாத்துக்குடா இது உனக்கு? சும்மாடு வெச்சுத் தூக்கியிருந்தா தெரியும்” என்றார். கூடவே, “அந்தக் கோடிக்கட்ட புளி, அத்த தனியா வெய்யி” என்றும் சொன்னார். அறுத்தவருக்கு அது என்ன மரம் என்று தெரிந்திருக்கவில்லை. மெஷினுக்கு எல்லா மரமும் ஒன்று. கையால் வெட்டியவருக்கு முதல் வெட்டிலேயே மரத்தின் குணம் தெரிந்துவிடும். போனது இந்த அறிவு. அதற்காக அக்கா கண்ணீர் விடவில்லை, நானும் விடப்போவதில்லை. புகையில்லாத அடுப்படிக்கு அது அதிகமான விலை இல்லை.

விறகு இந்த ஊரை விட்டு முழுதாகப் போய்விடவும் இல்லை. “விறகு அடுப்பு பிரியாணி” என்று போர்டு போட்டு விற்கிறார்கள். அண்டாவின் மூடியில் தணலை வாரிப்போட்டு தம் போடும் மாஸ்டருக்கு இன்றும் சவுக்குதான் வேண்டும். இஸ்திரி வண்டிகளில் கரி போய் கேஸ் பெட்டி வந்திருக்கிறது, சுடுகாட்டிலும் எரிவாயு தகன மேடை வந்துவிட்டது. ஆனால் அடுக்ககங்கள் எழும் மனைகளில், தகரக் கொட்டகைக்கு வெளியே, ஒடிந்த சென்ட்ரிங் பலகையையும் வேலிகாத்தான் குச்சியையும் வைத்துச் சோறாக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அந்தி நேரத்தில் அவர்கள் வீட்டுப் பெண்கள் மனையோரம் குனிந்து பொறுக்குகிறார்கள். அவர்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை.

மெஷின் வாங்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொது இடத்தில் நிற்கிற மரத்தைத் தொடாதீர்கள், அதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். விழுந்ததும் கழித்ததும் போதும். லுங்கியோடும் ஹவாய் செருப்போடும் அதைப் பிடிக்காதீர்கள், பாரின் நுனி மேல்முனை கட்டையில் பட்டால் மெஷின் உங்கள் முகத்தை நோக்கித் திரும்பும். அறுத்து முடித்த பிறகு, அடுக்கி வைத்து அழகு பார்ப்பதில் பாதியை அந்தக் கொட்டகைகளின் வாசலில் இறக்கிவிட்டு வாருங்கள். காய்ந்த கட்டையாகப் பார்த்துக் கொடுங்கள், பச்சைக்கட்டை புகையும்.