சில்லறையைப் பார்த்த கண்

வெள்ளிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்துக்குச் சீயக்காய் தயார் செய்வதென்றால் ஒரு காலத்தில் வீட்டுப் பெண்களுக்கு அது தனி வேலை. காய வைக்க வேண்டும். வெந்தயமும் பச்சைப் பயறும் சேர்த்து மில்லுக்கு அனுப்ப வேண்டும். கண்ணில் விழுந்து எரிகிறதென்று குழந்தைகள் போடும் கூச்சலையும் கேட்க வேண்டும்! ஷாம்பு என்ற வஸ்து கடையில் இல்லாமலில்லை. கண்ணாடி அலமாரியில், பாட்டிலில், கௌரவமாக உட்கார்ந்திருந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்மணி விலையைக் கேட்பாள். கேட்டுவிட்டுப் பேசாமல் சோப்பை வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

இதே காட்சியைப் பார்த்து, “நம் ஜனங்களுக்கு ஷாம்பு பழக்கமில்லை” என்று சொல்லலாம். “அவள் கையில் பாட்டில் வாங்கும் பணம் இல்லை, சில்லறை இருக்கிறது” என்றும் சொல்லலாம். இரண்டாவதாகச் சொன்னவர் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன்.

பெரிய பாக்கெட்டில் விற்ற பேதி உப்பையும், முகப் பவுடரையும் சின்னஞ்சிறு பாக்கெட்டுகளில் போட்டு விற்றுப் பார்த்தவர் அவர். தாம் செய்யும் சரக்கைக் கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் வாங்க முடிய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். யோசனை பிரமாதம்தான், ஆனால் சரக்கை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கும் சாமர்த்தியம் அவருக்கு வாய்க்கவில்லை. பலனைப் பார்க்காமலே காலமாகிவிட்டார். 1980-ல் அவருடைய பிள்ளைகள் ‘வெல்வெட்’ ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள்.

பிள்ளைகளில் ஒருவர் சி.கே. ரங்கநாதன். பள்ளிக்கூட நாளில் படிப்பைவிடப் புறாவும் மீனும் வளர்ப்பதில் அதிகச் சிரத்தை. அவற்றை விற்றே கைச்செலவுக்குச் சம்பாதித்தவர். சகோதரர்களோடு அபிப்பிராய பேதம் ஏற்படவே, 1983-ல் வீட்டை விட்டு வெளியேறினார். கையில் இருந்தது 15,000 ரூபாய். குடும்பத்தின் பெயர் பெற்ற சரக்குக்கு எதிரே கடை போடுவதென்றால் விளையாட்டா? தோற்றால் திரும்பிப் போக முகம் வேண்டாமா? தகப்பனார் பெயரின் எழுத்துக்களைக் கொண்டே தம் ஷாம்புவுக்கு ‘சிக்’ என்று பெயர் வைத்தார்.

கிராமங்களில் தலைக்குச் சோப்புப் போட்டுத்தான் பழக்கம். அங்கே போய் ஒரு பையனை நிறுத்தி, எல்லோர் முன்னிலையிலும் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டி, “தொட்டுப் பாருங்கள்!” என்றார்கள். ரஜினிகாந்த் படம் போட்டார்கள், நடுவே விளம்பரம், வெளியே வருகிறவர்களுக்கு இலவசப் பாக்கெட்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது இன்னொரு யுக்தி. எந்தக் கம்பெனியின் ஷாம்புவானாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் இனாம்! போட்டிக்காரர் கஷ்டப்பட்டுத் தேடிய வாடிக்கைக்காரர்கள், குளியலறைக் குப்பையோடு இவரைத் தேடி வந்தார்கள். சில மாதம் கழித்து, சிக் காலிப் பாக்கெட்டுக்குத்தான் இனாம் என்று மாற்றினார். அதற்குள் தலைகளெல்லாம் சிக்குக்குப் பழகிவிட்டன. மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமாயிற்று.

அப்புறம் வந்தது வாசனை. மல்லிகையும் ரோஜாவும் நம் பெண்கள் தலையில் சூடுகிற பூக்கள். அந்த வாசனையையே ஷாம்புவில் சேர்த்ததும் விற்பனை மறுபடி ஏறியது. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சிச்சாலை வேண்டுமா, பூக்காரி கூடை போதாதா? 1999-ல் பாக்கெட் விலையை 50 பைசாவாக இறக்கினார். அதற்கு முந்தின ஆண்டே கம்பெனியின் பெயர் ‘கெவின்கேர்’ என்று மாறியிருந்தது.

பெரிதாக வாங்கினால் மலிவு என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டு வந்திருக்கிறோம். ஷாம்பு விஷயத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதே அளவுக்குப் பாட்டிலைவிடப் பாக்கெட்டே மலிவாயிருப்பதுண்டு. ஆனால் பல படலங்கள் ஒட்டிய அந்தக் காலி உறையை உருக்கி மறுபடி உபயோகிப்பது லேசில் முடிகிற காரியமல்ல. தெருச் சாக்கடையை அடைக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. ஒரு காலத்தில் ஐந்து சேர்த்தால் இனாம் கிடைத்த உறைதான். இன்று குனிந்து பொறுக்குவார் யாருமில்லை.

இன்னொரு வேடிக்கை. ஷாம்புவால் வளர்ந்த அதே கம்பெனி, ‘மீரா’ என்ற பெயரில் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் பொடியையும் விற்கிறது. சீயக்காயை விட மனமில்லாத, ஆனால் மில்லுக்கு அலையவும் முடியாத வீடுகள் இருக்கின்றனவே!