வருஷத்துக்கு ஒரே சண்டை... பாக்சிங் சாம்பியன்கள் ரிங்கில் ஏற யோசிப்பது ஏன்?

கோவில்பட்டி:

ஹாக்கி ஊர் என்று பெயரெடுத்த கோவில்பட்டியில் விளையாட்டுப் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. அகில இந்திய ஹாக்கி போட்டி நடக்கும் நாட்களில் ஒரு டீம் இன்று ஆடும், ஓரிரு நாளில் மறுபடியும் களமிறங்கும். இதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு பாக்சிங் ஒரு புதிர்தான். உலக சாம்பியன் என்கிறார்கள், கோடிக்கணக்கில் பணம் என்கிறார்கள். ஆனால் ஆள் ரிங்கில் ஏறுவது வருஷத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவை. 'சார்பட்டா பரம்பரை' படத்தில் அடுத்தடுத்து மோதிய ஆட்களைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால், "இதுக்கு எதுக்குய்யா சாம்பியன் பட்டம்?" என்று கேட்கத்தான் தோன்றும்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. அமெரிக்காவின் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸ் 1941-ம் ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை மாதம் ஒரு சண்டை போட்டார். ஆறுமே பட்டத்தைப் பணயம் வைத்த சண்டைகள். செப்டம்பரில் ஏழாவது. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற வீரர் 1937-ல் மட்டும் 27 சண்டை போட்டு 27-லும் ஜெயித்தார். சுகர் ரே ராபின்சன் 1940 முதல் 1965 வரை போட்டது சுமார் 200 சண்டை. அவ்வளவு ஏன், நம்ம காலத்து மைக் டைசன் கூட 1985-ல் 15 தடவை, 1986-ல் 13 தடவை ரிங் ஏறியவர்தான். அந்த 13-ல் கடைசி சண்டையில் ஜெயித்துத்தான் 20 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

தீப்பெட்டி ஆபீஸ் கூலி

அந்தக் கால வீரர்களுக்கு உடம்பு இரும்பா என்றால் அப்படி ஒன்றும் இல்லை. பணம் வந்த வழி வேறு.

கோவில்பட்டி பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் பெண்களைக் கேட்டால் தெரியும். எத்தனை பெட்டி அடைத்தார்களோ அத்தனைக்குத்தான் கூலி. கை நின்றால் காசு நிற்கும். பழைய பாக்சர்களின் பிழைப்பும் அப்படித்தான். வாசலில் டிக்கெட் விற்ற காசில்தான் பங்கு. மேனேஜருக்குக் கொடுத்து, பயிற்சியாளருக்குக் கொடுத்து, மிச்சம் கையில் நிற்பது கொஞ்சம். அடுத்த மாதச் செலவுக்கு அடுத்த சண்டை போட்டே ஆகவேண்டும். பெரிய சாம்பியனுக்கே இந்த நிலை என்றால் சின்ன வீரர்கள் பாடு சொல்லவே வேண்டாம்.

இன்று பெரிய சண்டையின் பணம் டி.வி. வழியாக வருகிறது. வெளிநாட்டில் பெரிய சண்டையைப் பார்க்க சேனல் சந்தா மட்டும் போதாது. அந்த ஒரு ராத்திரிக்கு என்று தனியாகக் காசு கட்டினால்தான் படம் தெரியும். 2015 மே 2-ந் தேதி லாஸ் வேகாசில் மேவெதரும் பிலிப்பைன்ஸ் வீரர் பாக்கியாவும் மோதியபோது, அமெரிக்காவில் சுமார் 46 லட்சம் பேர் ஆளுக்குக் கிட்டத்தட்ட 100 டாலர் கட்டிப் பார்த்தார்கள். அந்த ஒரே ராத்திரியில் மேவெதர் கல்லாவில் சேர்ந்தது 20 கோடி டாலருக்கும் மேல். அன்றைய கணக்கில் ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டும். இப்படி வாங்குகிறவர் அடுத்த மாதம் எதற்கு அடி வாங்கப் போகிறார்?

கரிசல்காட்டு மானாவாரி வெள்ளாமையும் இன்றைய சாம்பியனும் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். புரட்டாசியில் விதைத்து தை, மாசியில் வீடு வந்து சேர வேண்டும். நடுவில் மழை ஏமாற்றினால் அந்த வருஷமே போச்சு. அதனால்தான் விதைக்கிறவன் வானத்தைப் பார்த்துப் பார்த்து விதைக்கிறான். சாம்பியனும் எதிராளியைப் பார்த்துப் பார்த்து எடுக்கிறார்.

ஒரு தோல்விக்கு அத்தனை பயம்

இதில்தான் பெரிய வித்தியாசமே. 40 சண்டையில் தோல்வியே பார்க்காத ராபின்சன், 1943 பிப்ரவரி 5-ந் தேதி ஜேக் லமோட்டாவிடம் முதல் தடவையாகத் தோற்றார். ஆள் முடங்கினாரா? பிப்ரவரி 19-ல் இன்னொருவரை ஜெயித்தார். 26-ந் தேதி அதே லமோட்டாவை ரிங்குக்கு இழுத்து பழி தீர்த்தார். மூன்று வாரத்தில் மூன்று சண்டை!

இன்று 'தோல்வியே காணாதவர்' என்ற பெயர்தான் ஒரு வீரரின் முதல். போஸ்டரில் அதைப் போட்டுத்தான் வியாபாரம். ஒரு தோல்வி விழுந்தால் அடுத்த சண்டையின் விலை சரியும். மேவெதர் கடைசி வரை 50 சண்டை, 50 வெற்றி என்று கணக்கை முடித்தது 21 வருஷத்தில். பாக்கியாவுடன் சண்டை என்ற பேச்சு 2009-லேயே ஆரம்பித்தது. பங்கு எவ்வளவு, ரத்தப் பரிசோதனை எப்படி என்று இழுத்து இழுத்து ரிங்கில் சந்தித்தபோது ஒருவருக்கு 38 வயது, இன்னொருவருக்கு 36. சண்டையும் சப்பென்று போனது என்று காசு கட்டிய ரசிகர்கள் கடுப்பானது தனிக்கதை.

போதாக்குறைக்கு இன்று பட்டம் கொடுக்கும் அமைப்புகளே நான்கு. ஜோ லூயிஸ் காலத்தில் எடைப் பிரிவு எட்டுதான். இன்று பதினேழு, பதினெட்டு. ஒரே எடையில் நான்கு பேர் ஆளுக்கொரு பெல்ட்டோடு 'நான்தான் சாம்பியன்' என்று நிற்கலாம். ஒருவரோடு ஒருவர் மோதவேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனி நிறுவனம், தனி டி.வி. ஒப்பந்தம். அத்தனை பேரும் கையெழுத்துப் போடுவதற்குள் வருஷம் ஓடிவிடும். ஹெவிவெயிட்டில் எல்லா பெல்ட்டும் ஒரே கையில் சேர 2024 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சவுதி அரேபியா பணத்தை இறைத்த பிறகுதான் ரியாத்தில் உக்ரைன் வீரர் உசிக்கும் இங்கிலாந்தின் டைசன் ஃபியூரியும் மோதினார்கள். அதுவும் பிப்ரவரியில் நடந்திருக்க வேண்டியது. பயிற்சியில் ஃபியூரிக்கு கண்ணுக்கு மேல் வெட்டு விழுந்ததில் மூன்று மாதம் தள்ளிப்போனது.

உடம்பும் ஒரு காரணம்

எல்லாமே காசு என்று சொல்லிவிடவும் முடியாது. 1982 நவம்பரில் தென்கொரியாவின் டக் கூ கிம், லாஸ் வேகாசில் 14-வது ரவுண்டில் அடிபட்டு விழுந்தார். சில நாளில் இறந்துபோனார். அதன் பிறகுதான் 15 ரவுண்டு என்பது 12 ஆனது. நாக் அவுட் ஆனவரை குறிப்பிட்ட நாட்கள் ரிங் பக்கமே விடக்கூடாது என்ற கெடுபிடியும் வந்தது. தலையில் தொடர்ந்து அடி விழுந்தால் மூளை கெடும் என்பது டாக்டர்கள் அடித்துச் சொல்லும் விஷயம். 200 சண்டை போட்ட ராபின்சன் கடைசிக் காலத்தில் நினைவு தப்பும் நோயோடு 1989-ல் இறந்தார். பழைய காலத்தைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

ஒரு பெரிய சண்டைக்கு இன்று இரண்டு, மூன்று மாதம் முகாம் போடுகிறார்கள். எடை குறைப்பு, ஓட்டம், பயிற்சி சண்டை என்று உடம்பைப் பிழிந்துவிட்டு, சண்டை முடிந்ததும் ஓய்வு. வருஷத்துக்கு இரண்டு முகாமுக்கு மேல் தாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. இத்தனைக்கும் நடுவில் ஜப்பானின் நவோயா இனோவே 2025-ல் செப்டம்பருக்குள்ளேயே மூன்று சண்டை போட்டு மூன்றிலும் ஜெயித்தார். மனது வைத்தால் முடியும் என்பதற்கு அவர் ஒருவர்.

விஜேந்தருக்கு என்ன ஆச்சு?

நம்ம நாட்டுக் கதை வேறு மாதிரி. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய அரியானாவின் விஜேந்தர் சிங், 2015 அக்டோபரில் தொழில்முறை பாக்சிங்கில் குதித்தார். அந்த வருஷக் கடைசிக்குள் 3 சண்டை. 2016-ல் 5. எல்லாம் வெற்றி. 2017-ல் அது 2 ஆனது. 2018-ல் ஒன்று கூட இல்லை. 2019-ல் 2, நடுவில் டெல்லியில் எம்.பி. தேர்தலிலும் நின்று தோற்றார். 2020-ல் மறுபடி பூஜ்யம். 2021-ல் கோவாவில் கப்பல் மேல்தளத்தில் நடந்த சண்டையில் ரஷ்ய வீரரிடம் முதல் தோல்வி. 2022-ல் ராய்ப்பூரில் ஒரு வெற்றி.

மேவெதர் சண்டை போடாமல் இருந்தது காசு நிறைந்ததால். இந்தியாவில் சண்டை குறைவது, காசு போட ஆள் இல்லாததால். ஸ்பான்சர் வேண்டும், டி.வி. வேண்டும், எதிராளியை வெளிநாட்டிலிருந்து கூட்டிவர வேண்டும். ஒலிம்பிக் பதக்கக்காரருக்கே இவ்வளவு இடைவெளி என்றால் பெயர் தெரியாத பையனுக்கு?

ஒரு காலத்தில் மெட்ராஸில் இந்தக் கவலை குறைவு. வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் இருந்தன. டிக்கெட் எடுத்துப் பார்க்க கூட்டம் இருந்தது. 1980-ல் முகமது அலியே வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டியில் இறங்கினார். அதன் பிறகு அந்தக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. டிக்கெட் எடுக்க ஆள் குறைந்தால் சண்டையும் குறையத்தானே செய்யும்.

அதனால்தான் இன்று கையுறை மாட்டும் பையன்கள் பெரும்பாலும் அமெச்சூர் பக்கமே நிற்கிறார்கள். அங்கே 3 ரவுண்டுதான். ஒரே போட்டித் தொடரில் சில நாள் இடைவெளியில் நாலைந்து சண்டை கூட போடலாம். பதக்கம் வந்தால் ரெயில்வே, போலீஸ், ராணுவம் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி இருக்கிறது. சண்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாசம் பிறந்தால் சம்பளம்.