கடற்கரையில் வீட்டு வண்டிகள்

சக்கரங்களின்மேல் வீட்டை அமைத்து, அதனுள்ளேயே உண்டு உறங்கி, விரும்பிய ஊரில் தங்கி, விரும்பியபோது புறப்படும் பிரயாணம் மேனாடுகளில் நெடுங்காலமாக வழக்கத்தில் இருப்பது. நம்மவரோ ‘கேரவன்’ என்றால் படப்பிடிப்பில் சினிமா நட்சத்திரங்கள் இளைப்பாறும் வண்டி என்றே அறிவர். அந்த நிலைமை மாறி வருகிறது. 2021-ஆம் வருஷத்தில் கேரள சர்க்கார் இதற்கெனத் தனிக் கொள்கை ஒன்றை அறிவித்தது. மறு வருஷமே வாகமண் மலையில் இவ்வண்டிகள் தங்குவதற்கான பூங்கா திறக்கப்பட்டது. தமிழ்நாடு சர்க்கார் 2023-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் இவ்வகைப் பிரயாணம் ஊக்கமளிக்கத்தக்க துறைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது. ஆகவே, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே இவ்வண்டிகள் புதுக்கோட்டை ஜில்லாவின் கடலோரத்துக்கும் வந்து நிற்கும் நாள் வெகு தூரத்தில் இல்லை. வந்தபின் விழிப்பதினும் வருமுன் யோசிப்பது விவேகம்.

புதுக்கோட்டைக்குக் கடற்கரை ஏது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. பழைய சமஸ்தானத்துக்குக் கடல் இல்லை என்பது வாஸ்தவமே. 1948 மார்ச்சு மாதத்தில் அந்தச் சமஸ்தானம் சென்னை மாகாணத்துடன் இணைந்தது. பின்னர் 1974-ல் தனி ஜில்லா அமைந்தபோது, தஞ்சையைச் சேர்ந்திருந்த அறந்தாங்கிப் பகுதி இதனோடு சேர்க்கப்பட்டதனாலேயே கடலும் வாய்த்தது. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் முதலிய ஊர்களைத் தொட்டுச் செல்லும் இக்கரையின் நீளம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். எதிரே கிடப்பது பாக் விரிகுடா. ஆழம் குறைந்த, அலை அடங்கிய கடல். மீமிசலுக்கு அருகே முத்துக்குடாவில் அலையாத்திக் காடும் உண்டு. அமைதியை நாடி வரும் பிரயாணிக்கு இதனினும் இனிய இடம் அரிது என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்றை அவர் அறிந்து வருதல் வேண்டும். இக்கரை சென்னை மெரினாவைப் போல மாலைப்பொழுதில் உலாவுவதற்கென்று கிடக்கும் மணற்பரப்பு அன்று. இது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் தொழிற்சாலை. படகு ஏற்றுமிடம் இதுவே. வலை விரித்துப் பொத்தல் பார்க்குமிடம் இதுவே. மீன் ஏலம் போவதும், பெண்டிர் கருவாடு உலர்த்துவதும் இங்கேதான். வெளியூரார் கண்ணுக்கு வெற்று மணலாகத் தோன்றுவது உள்ளூராருக்கு இன்னாருடைய படகு நிற்கும் இடம், இன்னாருடைய வலை காயும் இடம். பட்டா இல்லாமையால் அது யாருக்கும் உரியதன்று என்று கருதுவது பெரும் பிழை.

நிற்க. இதில் நுட்பமான சங்கடம் ஒன்று இருக்கிறது. கீழைக்கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது சட்டம். மீன் இனம் பெருகுவதற்காக விதிக்கப்பட்ட இத்தடை நியாயமானதே. ஆயினும் அந்த இரண்டு மாதமும் படகுக் கூலியாட்களின் வீட்டில் வருமானம் இல்லை; சர்க்கார் தரும் நிவாரணத் தொகை முழுக் குடும்பத்துக்கும் போதுமானதாகாது. பள்ளிக்கூடங்களின் கோடை விடுமுறையும் இதே காலத்தில்தான் வருகிறது. ஆகவே, உல்லாசப் பிரயாணிகள் வருங் காலமும் மீனவர் கை வறண்டிருக்கும் காலமும் ஒன்றாகின்றன. விருந்தினர் செலவிடும் பணம் அப்பொழுது அவ்வீடுகளுக்குச் செல்லுமாயின், அது பெரிய உபகாரமே.

ஆயின், படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றி, வர்ணம் பூசி, இயந்திரம் செப்பனிட்டு, வலைகளைச் சீர்செய்வதும் இதே 61 நாட்களில்தான். வருஷத்தில் மீனவர்க்குக் கரை மிகுதியும் தேவைப்படும் காலமும் அதுவே. பணம் தேவைப்படும் மாதத்தில் வரும் விருந்தாளி, இடம் தேவைப்படும் மாதத்தில் இடத்தை அடைத்துக்கொள்வாரானால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்ததாகும். இத்திட்டம் நன்மையாவதும் தீமையாவதும் வண்டியை நிறுத்தும் இடத்தைப் பொறுத்தது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை முதன்முதல் 1991-ல் பிறந்தது. 2011-ல் அதைத் திருத்தி எழுதியபோது, மீனவ கிராமங்களையும், படகு நிறுத்துமிடம், மீன் உலர்த்தும் களம் முதலிய அவர்களது பொது உடைமைகளையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று விதித்தார்கள். கிராமப்புறக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டடம் எழுப்புவதற்குத் தடையும் இருந்தது. 2019-ஆம் வருஷத்து அறிவிக்கையோ, ஜனநெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161-க்கு மேற்பட்ட கிராமங்களில் அத்தூரத்தை 50 மீட்டராகக் குறைத்தது. உயர் அலைக் கோட்டுக்கு 10 மீட்டர் அப்பால் கடற்கரையில் தற்காலிகச் சுற்றுலா வசதிகள் அமைக்கவும் இடம் தந்தது. ‘தற்காலிகம்’ என்னும் சொல்லில்தான் நமது கவலையெல்லாம். இன்று வண்டி நிற்கும் இடத்தில் நாளை கொட்டகை வரும்; கொட்டகைக்குப் பின் வேலி வரும்; வேலிக்குப் பின் ‘அனுமதியின்றி உள்ளே வராதீர்’ என்ற பலகை வரும். வலை உலர்த்தியவர் அத்துமீறியவராவார்.

சுகாதார விஷயமும் சிறிதன்று. வீட்டு வண்டியில் குளித்த நீருக்கும் பாத்திரம் கழுவிய நீருக்கும் ஒரு தொட்டி. மலநீருக்கு மற்றொரு தொட்டி. சில நாட்களுக்கு ஒருமுறை இவற்றைக் காலி செய்தே தீரவேண்டும். மேனாடுகளில் இதற்கெனச் சாக்கடையுடன் இணைந்த தனி இடங்கள் உள்ளன. இங்கே அவ்வசதி செய்யாமல் வண்டிகளை வரவேற்றால், அவை காலியாவது இரவில் ஓடையிலோ கடலிலோதான். இவ்விரிகுடாவின் அடியில் கடற்புல் வெளிகள் பரந்து கிடக்கின்றன. நாள் ஒன்றுக்கு 40 கிலோ வரை புல் மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு அதுவே வாழ்விடம். அருகி வரும் அப்பிராணிக்காக 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதற் காப்பகம் அது. மீன் குஞ்சுகள் வளர்வதும் அப்புல்வெளியில்தான். அதைக் கெடுப்பவர் மீனவரின் நாளைய சோற்றில் மண் போடுபவராவர்.

விருந்தினரை வேண்டாமென்று விரட்டுவது தமிழர் மரபன்று. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராத்திய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். மீமிசலிலும் ஒரு சத்திரம் இருந்தது. கூட்டு வண்டியில் குடும்பத்தோடு வந்தவர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டி, சமைத்து உண்டு, விடியலில் புறப்பட்டார்கள். இந்த ஏற்பாட்டையே நாம் இன்றும் வேண்டுகிறோம்.

நமது யோசனைகள் இவை. முதலாவது, வண்டிகள் தங்குமிடம் மணலில் கூடாது. சாலையை ஒட்டிய ஊராட்சி நிலத்தில் அமைய வேண்டும். இரண்டாவது, குடிநீர், மின்சாரம், கழிவுநீர்த் தொட்டி ஆகிய மூன்றும் தயாராகும் முன் முதல் வண்டிக்கு அனுமதி தரலாகாது. மூன்றாவது, நிர்வாகமும் சமையலும் மீன் விற்பனையும் மீனவப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களிடம் இருக்க வேண்டும். தரகருக்கு அங்கே வேலையில்லை. நான்காவது, இடத்தையும் வாடகையையும் கிராம சபை கூடித் தீர்மானிக்க வேண்டும்.

இக்கரையின் மீனவர் ஏற்கெனவே நெருக்குண்டவர்கள். 1974, 1976 ஆகிய வருஷங்களின் ஒப்பந்தங்கள் கடலில் எல்லைக்கோடு இழுத்தபின், எல்லை தாண்டினர் என்ற குற்றச்சாட்டில் அவர்கள் சிறைப்படுவதும், படகுகள் பறிமுதலாவதும் ஓயாத துயரமாகிவிட்டன. கடலில் அவர்களுக்கு இடம் குறுகிவிட்டது. கரையிலும் அது குறுகுமானால் அவர்கள் எங்கே போவது? பொதுநல ஊழியர்கள் ஊர்தோறும் சென்று, படகு நிறுத்துமிடங்களும் உலர்களங்களும் சர்க்கார் வரைபடத்தில் ஏறியிருக்கின்றனவா என்று இப்பொழுதே பார்ப்பார்களாக. அவ்வேலை முடிந்தபின் வண்டிகள் வரட்டும். நாமும் முன்னின்று வரவேற்போம்.