டைல்ஸ் ஒட்டும் முன் சுவரைக் கவனியுங்கள்



நல்லதண்ணிப் பக்கம் லயங்களிலும் புது வீடுகளிலும் குளிப்பறை கட்டி டைல்ஸ் ஒட்டுகிறார்கள். மழையிலும் பனியிலும் பீலியடியில் நின்று குளித்த நம் பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் கடன்பட்டு ஒட்டிய டைல்ஸ் ஒரே வருடத்தில் கழன்று விழுந்தால் என்ன செய்வது? பாஸைத் திட்டுவோம். பெரும்பாலும் குறை சுவரில்தான் இருக்கும்.

டைல்ஸ் ஒட்டினா தண்ணி உள்ளே போகாது என்று பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. டைல்ஸுக்கு இடையிலுள்ள கோடுகள் வழியாகத் தண்ணீர் ஊறும். லயத்தில் பக்கத்து வீட்டுக்கும் அதே சுவர்தான். ஈரம் அந்தப் பக்கம் இறங்கினால் அவர்கள் காம்பிராவில் பூஞ்சணம் பிடிக்கும். பிள்ளைகளுக்கு இழுப்பு வரும். அயலவரோடு மனத்தாங்கலும் வரும்.

ஆகவே செய்ய வேண்டியவை:

1. சுவரைத் தட்டிப் பாருங்கள். 'டொக்கு டொக்கு' என்று வெற்றுச் சத்தம் கேட்டால் அந்தப் பூச்சை உடைத்தெடுங்கள். பழைய சுண்ணாம்பு, பெயிண்ட் எல்லாவற்றையும் சுரண்டிவிடுங்கள். அதன்மேல் எதுவும் பிடிக்காது.

2. சுவருக்குப் பின்னால் மண்மேடு இருந்தால் முதலில் மண்ணை விலக்கிக் கான் வெட்டுங்கள். பின்னாலிருந்து வரும் ஈரத்தை டைல்ஸ் மறைக்கும், நிறுத்தாது.

3. பைப்பைச் சுவருக்குள் பதித்தால், மூடுமுன் தண்ணீர் விட்டு ஒழுக்குப் பாருங்கள்.

4. ஒரு பங்கு சீமெந்துக்கு நாலு பங்கு சலித்த மணல் சேர்த்து அரை அங்குலம் பூசுங்கள். வழவழப்பாகத் தேய்க்காமல் சொரசொரப்பாக விடுங்கள். மட்டப்பலகை வைத்துப் பள்ளம் மேடு பாருங்கள். ஏழு நாள் தண்ணீர் தெளியுங்கள்.

5. பிறகு நன்றாகக் காயவிடுங்கள். ஒரு மாதமாவது வேண்டும். நம் ஊர் மூடுபனியில் இன்னும் கூடும். ஒரு துண்டுப் பொலித்தீனைச் சுற்றிவர ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே வியர்த்திருந்தால் சுவர் காயவில்லை.

6. காய்ந்தபின் நீர்க்காப்புப் பூச்சு இரண்டு தடவை: முதலில் மேலும் கீழுமாக, அது காய்ந்ததும் குறுக்காக. தரையும் சுவரும் சேரும் மூலைகளை விடாதீர்கள். ஷவருக்கு மேலேயும் பூசுங்கள்.

இந்த வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை தோதான காலம். மே மாதம் பிறந்தால் மழை விடாது. கருங்கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய பழைய லயச் சுவரானால், டைல்ஸின் பாரத்தை அது தாங்குமா என்று தொழில் தெரிந்தவரிடம் காட்டிவிட்டே தொடங்குங்கள்.

டைல்ஸ் வாங்கும் காசில் ஒரு பங்கைச் சுவருக்கு ஒதுக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த வேலைதான் வீட்டைக் காக்கும்.